உயிர் பிரிந்த உடல் யாருக்கு உரியது?

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்றும், இவ்வுடல் இறைவனை வழிபடவும் பிறர்க்கு உதவவும் அருளப்பட்டது என்றும் சைவப் பெரியோர்கள் கூறியுள்ளனர். உயிர் உள்ளவரை இவ்வுடலால் ஆலயத்தைக் கூட்டி மெழுகலாம்; திருவீதி வலம் வரலாம்; அன்னதானப் பந்தியிற் பரிமாறலாம். உயிர் பிரிந்த பின்னர் அவ்வுடலுக்கு எஞ்சியிருப்பது சுடலை ஒன்றே என்பது பொதுவான எண்ணம். ஆயினும் மருத்துவ விஞ்ஞானம் வளர்ந்துள்ள இக்காலத்தில், அவ்வுடல் சுடலைக்குச் செல்லுமுன் இன்னுமொரு தொண்டைச் செய்ய முடிகின்றது. அதுவே கண் தானமும் உறுப்புத் தானமும் ஆகும். இது சைவருக்கு ஏற்புடையதா என்ற வினா பல இல்லங்களில் எழுகின்றது. அது ஆராய்ந்து விடை காணவேண்டிய வினாவாகும்.

முதலில் இத்தானம் எத்தகையது என்பதை அறிதல் நன்று. கண் தானத்தில் முழுக் கண்ணும் இன்னொருவருக்குப் பொருத்தப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மணிக்கூட்டின் முகப்புக் கண்ணாடி போலக் கண்ணின் முன்புறத்தே அமைந்துள்ள விழிவெண்படலமே பொருத்தப்படுகின்றது. காயத்தினாலோ நோயினாலோ இப்படலம் மங்கியவர்களுக்கு இதனால் பார்வை கிடைக்கின்றது. 1905ஆம் ஆண்டில் எடுவர்ட் சிர்ம் என்னும் வைத்தியர் இச்சத்திரசிகிச்சையை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர் இருவரில் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது.

இலங்கைக்கு இத்துறையில் தனிப்பெருமை உண்டு. ஹட்சன் சில்வா என்பவர் மருத்துவ மாணவராக இருந்தபோது, 1958ஆம் ஆண்டில், இறந்தோரின் கண்களைத் தானமாகத் தருமாறு பத்திரிகை வாயிலாக மக்களைக் கேட்டுக்கொண்டார். 1960இல் அவருடைய அன்னையார் காலமானபோது, அவ்வம்மையாரின் விழிவெண்படலம் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டது. 1961இல் அவர் இலங்கை கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இலங்கையரின் கண்கள் ஒளி கொடுத்துள்ளன. சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்ததைச் சைவ மக்கள் அறிவர். பௌத்தரின் ஜாதகக் கதையிலோ அதே சிபி மன்னன் தன் கண்களையே கொடுக்கின்றான். அக்கதை கேட்டு வளர்ந்த மக்கள் கண் தானத்துக்கு முன்வந்ததில் வியப்பில்லை.

கண்ணப்ப நாயனாரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சைவ மக்கள் மட்டும் தயங்குவானேன்? இறைவனின் கண்ணிற் குருதி வடியக் கண்டு பொறாது தமது கண்ணை அப்பி, மறு கண்ணையும் அகழ முற்பட்டவர் அவர். இன்று எவரும் உயிருள்ளவரிடம் கண்ணைக் கேட்பதில்லை. தீயில் வேகப்போகும் கண்ணையே கேட்கின்றனர்.

தயக்கத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. கண்ணைக் கொடுத்தவர் அடுத்த பிறவியிற் குருடராய்ப் பிறப்பார் என்ற அச்சம் முதலாவது. சைவ சித்தாந்தம் தூல உடம்பு வேறு, சூக்கும உடம்பு வேறு எனக் கூறும். ஐந்து தன்மாத்திரைகளும் மனம், புத்தி, அகங்காரம் என்பனவும் சேர்ந்த சூக்கும உடம்போடுதான் உயிர் மறுபிறவிக்குச் செல்கின்றது. அடுத்த உடம்பை நிருணயிப்பது கன்மம். தூல உடம்பின் குறை மறுபிறவியைத் தொடருமாயின், உடல் முழுவதும் சாம்பலானவர் எந்த உறுப்போடு பிறப்பார்?

இரண்டாவது, குறைபட்ட உடலுக்குச் செய்யும் கிரியை பலிக்குமா என்ற ஐயம். உடலே கிடைக்காதவிடத்துத் தருப்பையினால் உருவம் செய்து தகனஞ் செய்யும் முறை சைவரிடம் தொன்றுதொட்டு உண்டு. யுத்த காலத்தில் இத்துயரை அனுபவித்த குடும்பங்கள் இதனை நன்கறியும். தருப்பை உருவத்தை ஏற்கும் கிரியை, இரு மெல்லிய படலங்கள் இல்லாத உடலை ஏற்காதிருக்குமா? கண் எடுக்கப்பட்ட பின்னரும் முகம் விகாரமடைவதில்லை. கிரியைகளும் வழமைபோல் நடைபெறலாம்.

மூன்றாவது தயக்கம் கடினமானது. இதயம், ஈரல், சிறுநீரகம் முதலியன பெரும்பாலும் மூளைச் சாவு அடைந்தவரிடமிருந்தே பெறப்படுகின்றன. இயந்திரத்தின் உதவியால் மூச்சு நடக்கும், இதயம் துடிக்கும், உடல் சூடாயிருக்கும். அந்நிலையில் பிள்ளையைப் பார்க்கும் தாயொருத்தி “இவன் இறந்துவிட்டான்” என்பதை எவ்வாறு ஏற்பாள்? மயக்க நிலையிலிருந்து மீள்வோர் உண்டு. மூளைச் சாவிலிருந்து மீண்டவர் இல்லை. இதனை வைத்தியர்கள் முறையான சோதனைகளால் உறுதிப்படுத்திய பின்னரே தானம் பற்றிப் பேசப்படும். என்றாலும் அத்தாய் மறுத்தால் அவளைச் சுயநலக்காரி என்று எவரும் பழித்தலாகாது. கட்டாயப்படுத்திப் பெறுவது தானமாகாது. அதுபோலவே வறுமையினால் சிறுநீரகத்தை விற்பதும் தானமாகாது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் மனித இழையங்களை விற்பதைத் தடுக்கின்றது.

மற்றொன்றையும் சிந்தித்தல் வேண்டும். வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து எத்தனையோ விவசாயிகள் சிறுநீரக நோயால் வாடுகின்றனர். அந்நோய் தன் வீட்டுக்கு வந்தால், தானமாகக் கிடைக்கும் உறுப்பை வேண்டாம் என்பார் அரிது. கொடுத்தவர் என்ன சமயத்தவர் என்றும் அப்போது எவரும் கேட்பதில்லை. பெறுவதற்குக் குறுக்கே நிற்காத சமயம், கொடுப்பதற்கு மட்டும் குறுக்கே நிற்குமா?

ஆகவே தானம் செய்ய விரும்புவோர் பத்திரத்தில் ஒப்பமிடுவதுடன் நின்றுவிடலாகாது. செத்தவீட்டின் அழுகைக்கு நடுவே அப்பத்திரத்தை எவரும் தேடப்போவதில்லை. கணவன், மனைவி, பிள்ளைகளிடம் உயிரோடிருக்கும்போதே தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லிவைத்தல் வேண்டும். அவ்வாறு சொல்லிவைத்தால், துயரமான வேளையில் முடிவெடுக்கும் பாரம் பிள்ளைகளின் தலையில் விழாது. கண்கள் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்கப்படவேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தல் நன்று. கண்ணாடி அணிந்தவரும் முதியவரும் கூடக் கண் தானம் செய்யலாம்.

உயிர் பிரிந்த உடல் உறவினருக்கு உரியதா, நெருப்புக்கு உரியதா என்று கேட்டால், அது தந்தவனுக்கே உரியது என்பதே சைவரின் விடை. அவனோ எல்லா உயிர்களிலும் உறைபவன். ஆதலால் இருளில் இருக்கும் ஒருவருக்குக் கொடுத்த கண் அவனிடமே சேர்கின்றது. இவ்வுண்மையை அடியார்கள் சிந்தித்துத் தத்தம் இல்லங்களிற் பேசித் தெளிவதற்கு எம்பெருமான் திருவருள் துணைபுரிவதாக.