யாத்திரிகன் வேலி போடலாமா?

சீடன்: ஐயா, ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நூலையும், பிளிமத் குடியேற்றத்தைப் பற்றி வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிய வரலாற்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டிலும் வருகிறவர்கள் யாத்திரிகர்கள். பனியனின் கிறிஸ்தியான் மாயச் சந்தையின் சரக்கு ஒன்றையும் வாங்காமல் கடந்து போகிறான். 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களோ வீடு கட்டினார்கள், நிலத்தைப் பங்கிட்டார்கள், ஊரைச் சுற்றி மரவேலி அடித்தார்கள். இருவருக்கும் ஒரே பெயர் பொருந்துமா?

குரு: பொருந்தும் இடமும் உண்டு, பொருந்தாத இடமும் உண்டு. முதலில் சாசரின் கான்டர்பரி யாத்திரிகர்களிடம் போவோம். அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள்?

சீடன்: லண்டனுக்குத் தெற்கே சதக்கில் இருந்த டபார்டு விடுதியிலிருந்து. 1170இல் கொலையுண்ட தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு.

குரு: போய்ச் சேர்ந்த பிறகு?

சீடன்: திரும்பி வரவேண்டும். நல்ல கதை சொன்னவருக்கு அதே விடுதியில் மற்றவர்கள் செலவில் விருந்து என்பதுதானே ஏற்பாடு.

குரு: அந்தத் திரும்புதலைப் பிடித்துக்கொள். போய்ச் சேர ஒரு தலம் இருந்தவரை, திரும்பி வர ஒரு வீடும் இருந்தது. கான்டர்பரியில் அவர்கள் விருந்தாளிகள். கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். 1538இல் எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை இடிக்கச் செய்தார். புதிய சமயத்தார் கண்ணில் தலயாத்திரையே மூடப்பழக்கம் ஆகிவிட்டது. ஆனால் நடக்கவேண்டும் என்ற தாகம் மனிதனை விட்டுப் போகுமா? தலம் போனதும் வாழ்க்கை முழுவதுமே வழியாயிற்று. ஆபிரகாம் முதலானோர் பூமியில் வழிப்போக்கர்களாகவே வாழ்ந்து மறைந்தார்கள் என்கிறது எபிரெயர் நிருபம். பிராட்ஃபோர்டின் கூட்டத்தார் அதைத் தங்களைப் பற்றியே எழுதியதாகக் கொண்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் ஸ்க்ரூபி கிராமத்தை விட்டு ஹாலந்துக்கு ஓடி, 1609 முதல் லெய்டன் நகரில் துணி நெய்தும் கூலிவேலை செய்தும் பிழைத்தவர்கள் அவர்கள். அந்த ஊரை விட்டுப் புறப்பட்ட நாளை எழுதும்போதுதான், தாங்கள் யாத்திரிகர் என்பதை அறிந்திருந்தோம் என்கிறார் பிராட்ஃபோர்டு.

சீடன்: அந்த இடத்தைப் படித்தபோது கண் கலங்கியது. அவரும் மனைவி டாரதியும் சின்ன மகனை லெய்டனிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். கரை கண்ட சில வாரங்களில் டாரதி கடலில் விழுந்து இறந்துபோனார்.

குரு: கப்பலில் வந்தவர்கள் 102 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இந்தத் துயரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, நீயும் குறைத்துப் பேசாதே. ஆனால் அவர்கள் திரும்பிப் போகிறவர்கள் அல்ல. சத்திரத்துத் திண்ணையில் படுத்தவன் விடிந்தால் கிளம்புவான் என்பதால்தான் ஊரார் அவனுக்கு இடம் விடுகிறார்கள். போவதற்கு வேறு ஊர் இல்லாதவன் அந்தத் திண்ணையில் வந்து படுத்தால்?

சீடன்: திண்ணை அவனுடையதாகிவிடும். கேப் காட் கரையில் இறங்கியதும் நடந்தது அதுதானே? மண்ணில் புதைத்து வைத்திருந்த சோளத்தைத் தோண்டி எடுத்தார்கள். கடவுள் காட்டிய வழி என்று நன்றி சொன்னார்கள்.

குரு: அடுத்த ஆண்டு அதற்கு ஈடு கொடுத்தார்கள், அதையும் சேர்த்துச் சொல். அவர்கள் நெஞ்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எடுக்கும்போது அது யாரோ ஒருவர் விதைக்கென்று வைத்தது என்பதைவிட, நமக்காகக் காத்திருந்தது என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. அவர்கள் குடியேறிய இடத்துக்குப் பழைய பெயர் படூக்சட். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்திருந்தது. உழுத நிலம் ஆளில்லாமல் கிடந்தது.

சீடன்: அந்த ஊர்க்காரர் ஒருவர் மிஞ்சியிருந்தார். டிஸ்குவாண்டம். 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற கப்பல் தலைவன் அவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்கப் பார்த்தான். அவர் எப்படியோ இங்கிலாந்து சேர்ந்து, ஆங்கிலம் கற்று, 1619இல் ஊர் திரும்பினால் ஊரே இல்லை. பிறகு அதே மண்ணில் குடியேறியவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். ஐயா, இந்தக் கதையில் உண்மையான யாத்திரிகர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

குரு: அப்படிச் சொல்லாதே. கேட்க அழகாக இருக்கிறது, அதனால்தான் தடுக்கிறேன். யாத்திரை என்பது தானே விரும்பி ஏற்கும் வழி. அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த அலைச்சலுக்குப் புனிதப் பெயர் சூட்டினால் கடத்தியவன் செய்த பாவம் லேசாகிவிடும். அவர் வீடு தேடி வந்த மனிதர், அவ்வளவுதான்.

சீடன்: சரி ஐயா. ஆனால் வேறொரு சங்கடம் இருக்கிறது. பனியனின் கிறிஸ்தியானும் அவ்வளவு நல்லவனாகத் தெரியவில்லை. மனைவியும் பிள்ளைகளும் பின்னால் கதற, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான்.

குரு: அங்கேதான் பனியனை நான் வணங்குகிறேன். பாத்திரம் செப்பனிடும் தொழிலாளி அவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் பெட்ஃபோர்டு சிறைக்குப் போனார், வெளியே வர 12 ஆண்டு ஆயிற்று. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். வீட்டில் மனைவியும் நான்கு குழந்தைகளும், அதில் மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அவர்களைப் பிரிந்திருந்த வேதனையைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். ஆகவே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். முதல் பாகம் 1678இல் வந்தது. அதோடு விட்டாரா?

சீடன்: 1684இல் இரண்டாம் பாகம். மனைவி கிறிஸ்தியானாள் நான்கு பிள்ளைகளோடு அதே வழியில் புறப்படுகிறாள்.

குரு: அந்த வழி எப்படி மாறிவிடுகிறது பார். தனியாக ஓடியவன் போன பாதையில் இப்போது ஒரு கூட்டம் போகிறது. குழந்தைகளுக்குக் கால் வலிக்கிறது. ஊன்றுகோல் பிடித்த ஒருவன் சேர்கிறான். மனத்தளர்ச்சி உள்ள இன்னொருவன், என்னால் உங்களுக்குத் தொல்லை என்று தயங்குகிறான். வழிகாட்டி அவனுக்காக நிற்கிறார், எல்லாரும் நிற்கிறார்கள். விட்டுப்போனவர்களைத் தேடித் திரும்பி வந்தது அந்த நூல். நம் கிருஷ்ண பிள்ளை இந்தக் கதையை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காப்பியமாகப் பாடியதற்குப் பின்னாலும் இந்தக் கனிவின் ஈர்ப்பு இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

சீடன்: பிளிமத்துக்கு இரண்டாம் பாகம் இல்லையா ஐயா?

குரு: இருந்தது. வேறு விதமாக. 1621 மார்ச்சில் வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மசசாயிட் குடியேறியவர்களோடு உடன்படிக்கை செய்தார். அவர் உயிரோடு இருந்த 40 ஆண்டும் அது நின்றது. ஆனால் நிலம் தேடும் ஆசை பெருகிக்கொண்டே போயிற்று. மாடு பெருகப் பெருக மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று பிளிமத் சபையாரே ஊரை விட்டுப் பிரிந்து போனார்கள். பிள்ளைகளால் கைவிடப்பட்ட கிழத்தாய்போல் சபை ஆகிவிட்டது என்று பிராட்ஃபோர்டே முதுமையில் வருந்தி எழுதினார். யாத்திரிகர் என்ற நினைவு யாருக்காவது மிஞ்சியிருந்தது என்றால் அந்த வருத்தத்தில்தான் மிஞ்சியிருந்தது. பிறகு 1675இல் இரு தரப்புக்கும் போர். மசசாயிட்டின் மகன் மெட்டகாம் 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவர் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் நட்டார்கள். அது அங்கேயே பல ஆண்டு இருந்தது.

சீடன்: அவர் குடும்பம்?

குரு: மனைவியும் சிறுவயது மகனும் பிடிபட்டார்கள். தகப்பன் குற்றத்துக்குப் பிள்ளையைக் கொல்லலாமா என்று போதகர்கள் வேதத்தைப் புரட்டி விவாதித்தார்கள். கொல்லவில்லை, அடிமையாக விற்றார்கள். அவன் யார்? முதல் ஆண்டுகளில் அவர்களைப் பிழைக்க விட்ட மசசாயிட்டின் பேரன்.

சீடன்: அடுத்த இரண்டே ஆண்டில் லண்டனில் பனியனின் நூல் வெளிவருகிறது.

குரு: 1681இல் பாஸ்டனிலேயே அதை அச்சிட்டார்கள். ஆவலோடு வாங்கினார்கள்.

சீடன்: படித்தவர்களில் ஒருவருக்காவது அந்தப் பையன் நினைவுக்கு வந்திருப்பானா ஐயா?

குரு: அந்தக் கேள்வியோடு நாளைக்கு இரண்டாம் பாகத்தை மறுபடி எடு. கூட்டம் அந்த மனத்தளர்ச்சிக்காரனுக்காக நிற்கும் இடத்திலிருந்து படிப்போம்.