வலி வந்தபின் நீட்டப்படும் காகிதம்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி வாட்ஸ்அப் குழுவின் யோசனையைக் கேட்டு வீட்டிலேயே பிரசவம் பார்த்த செய்தி வந்தபோது ஊரே அவர்களைத் திட்டியது. திட்டியதில் தவறில்லை, 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து நடந்த பிரசவத்தில் ஒரு தாயின் உயிரே போயிற்று. ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே சிலர் ஏன் இப்படி மிரள்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பெண்களும் இந்தக் கணக்கில்தான் அடங்குகிறார்கள். தாயின் விருப்பத்தைக் கேட்காமல், காரணத்தையும் சொல்லாமல் கத்தி வைப்பது, பிள்ளை நலமாகவே பிறந்தாலும், அறமாகாது.

நடப்பது என்ன? "கொடி சுத்தியிருக்கு, தண்ணி கொறஞ்சிடுச்சு, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்று கணவரிடம் காகிதம் நீட்டப்படுகிறது. கொடி சுற்றிய பிள்ளைகள் எத்தனையோ சுகப்பிரசவத்தில் பிறப்பதை அவரிடம் யார் சொல்வது? சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அவள் தாய் தந்த சம்மதம்கூடச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது முதலில் வைத்தது நோயாளியை, மருத்துவர் அடுத்துத்தான். (கர்ப்பம் நோயல்ல என்பது வேறு.) நோயாளியின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்யச் சொன்னவரும் அவரே. அந்தக் காலம் ஜோசியர் குறித்துத் தந்த நேரம் அல்ல. சேக்கிழார் சொல்லும் கமலவதி, ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மகன் மூவுலகாள்வான் என்று கேட்டுத் தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னாள்; கோச்செங்கணான் பிறந்ததும் மாண்டாள். அந்தக் கொடுமையையாவது அவளே கேட்டு வாங்கினாள். இன்று மாமியார் நாள் பார்த்துவர, தியேட்டர் தயாராகிறது. திருச்சியில் சிவன் தாயுமானதும் காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாத ரத்னாவதிக்குத் துணையிருக்கத்தான். நம் பிரசவ அறைகள் பலவற்றில் பெற்ற தாய்க்கே கதவு சாத்தியிருக்கிறது.

உயிர் ஊசலாடும்போது விளக்கம் சொல்ல நேரமேது, தவறினால் வழக்கு எங்கள்மேல்தானே என்பார்கள் மருத்துவர்கள். உண்மைதான். ஆனால் அந்த அவசரத்துக்கு முன் மாதக்கணக்கில் செக்கப்புக்கு வந்துபோனாளே? எப்போது அறுவை தேவைப்படும், எப்போது காத்திருக்கலாம் என்று ஏழாம் மாதத்திலேயே உட்காரவைத்துப் பேசலாம். வலிக்குப் பயந்து சிசேரியன் கேட்பவளையும் ஏளனம் செய்யாமல் அப்போதே கேட்கலாம். பேசியதை அவள் கையிலிருக்கும் அட்டையில் எழுதியும் தரலாம்.