யார் செலவில் இந்தச் சவாரி?

பயணத் திட்டம் தயார். முதல் நாள் பந்திப்பூர். மறுநாள் நாகரஹொளே, கபினி. மூன்றாம் நாள் வயநாட்டு முத்தங்கா. நான்காம் நாள் முதுமலை, அப்படியே ஊட்டி. விடிகாலையில் ஒரு சஃபாரி, மாலையில் ஒரு சஃபாரி. எந்த மாதம் போனால் புலி தென்படும், எந்த விடுதியில் சாப்பாடு நன்றாயிருக்கும், ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லாம் விசாரித்தாயிற்று. ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்தப் பயணத்துக்கு நம்மைத் தவிர வேறு யாரெல்லாம் விலை கொடுக்கிறார்கள்?

‘காடு பார்க்கப் போவதில் என்ன பாவம் இருக்கிறது?’ என்பீர்கள். நான் பாவ புண்ணியம் பேச வரவில்லை. மேலே உட்கார்ந்து ஒருவர் நம் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. மனிதருக்கு மனிதர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதற்கு மேல் ஒரு சாட்சி தேவையில்லை. நம் மகிழ்ச்சிக்காக இன்னொருவர் எதையாவது இழந்தாரா என்பது விசாரித்தால் தெரியக்கூடிய விஷயம். தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் ஒழுக்கக்கேடு.

முதலில் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது ஒரே காடு. மூன்று மாநிலங்கள் எல்லை பிரித்து ஆளுக்கொரு பலகை நட்டிருக்கின்றன. மாயாற்றுக்கு இக்கரை முதுமலை, அக்கரை பந்திப்பூர். கக்கநல்லா சோதனைச்சாவடியில் நம் வண்டி நிற்கும், யானை நிற்காது. கோடையில் உள்காட்டுக் குட்டைகள் வற்றிப்போனதும் யானைகள் கபினி நீர்த்தேக்கக் கரைக்கு வந்துவிடுகின்றன. மார்ச் முதல் மே வரை போனால் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம் என்று எல்லாத் திட்டத்திலும் எழுதியிருக்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது என்ன தெரியுமா? 1970களில் அணை கட்டி மூழ்கடித்த காடு. இருந்த காட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, தாகத்தோடு கரைக்கு வருகிற யானைகளை நாம் படம் பிடிக்கிறோம். படம் பிடிக்கலாம். எதைப் படம் பிடிக்கிறோம் என்று தெரிந்து பிடிக்க வேண்டும்.

அடுத்தது மனிதர்கள். நாகரஹொளே காட்டில் ஜேனு குறுபர் என்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள். காட்டைத் தேசியப் பூங்காவாக்கும் வேலை நடந்த 1970களிலும் 80களிலும் குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் குடகின் காப்பித் தோட்டங்களில் கூலிகளானார்கள். காட்டின் ஒவ்வொரு மரத்தையும் அறிந்தவர்கள், யாரோ ஒருவருடைய தோட்டத்து லைன் வீட்டில் முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். 2025 மே மாதம் சுமார் ஐம்பது குடும்பங்கள் கரடிக்கல் என்ற தங்கள் பழைய இடத்துக்கே திரும்பிவந்து குடிசை போட்டன. வனத்துறையும் காவல்துறையும் போய் நின்றன.

முத்தங்காவில் நடந்தது இன்னும் கொடுமை. நிலம் தருகிறோம் என்று 2001இல் ஒப்புக்கொண்ட கேரள அரசு கொடுக்காமல் இழுத்தடித்தது. ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு உள்ளிட்டோர் தலைமையில் ஆதிவாசிகள் முத்தங்கா காட்டில் குடிசை போட்டுப் போராடினார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று காவல்துறை உள்ளே புகுந்து சுட்டது. ஒரு ஆதிவாசியும் ஒரு காவலரும் உயிரிழந்தார்கள். சொந்த மண்ணில் ஒரு துண்டு நிலம் கேட்டவர்களுக்குத் துப்பாக்கி பதில் சொன்ன அதே முத்தங்காவில்தான், நாம் வரிசையில் நின்று சஃபாரிச் சீட்டு வாங்குகிறோம். சீட்டு வாங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமல் போனது யார் குற்றம்?

‘காட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மனிதர்கள் வெளியேறத்தானே வேண்டும்?’ என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சரி, அந்த வாதத்தையே கடைசிவரை கொண்டுபோவோம். மனித நடமாட்டம் புலிக்கு ஆகாது என்றால், எந்த மனிதருடைய நடமாட்டம்? தேன் எடுக்க வெறுங்காலோடு நடக்கிறவருடையதா, காலையும் மாலையும் டீசல் புகையோடு வருகிற நம்முடையதா? 1990களில் இதே நாகரஹொளேயில், காட்டுக்குள்ளேயே உல்லாச விடுதி நடத்த ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்துக்குக் கர்நாடக அரசு குத்தகைக்கு இடம் கொடுத்தது. பழங்குடியினர் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 1997இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. குடிசைக்கு ஒரு அளவுகோல், குளிர்சாதன அறைக்கு இன்னொரு அளவுகோல் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பா? ஏழையைத் துரத்திவிட்டுப் பணக்காரருக்கு வாசல் திறப்பதை வேறு எந்தத் துறையில் செய்தாலும் நாம் அநியாயம் என்போம். காட்டில் செய்தால் மட்டும் அது இயற்கை நேசமாகிவிடுமா?

மனிதரும் புலியும் சேர்ந்து வாழவே முடியாது என்பதும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கைதான். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை 2011இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கே வாழும் சோலிகர் பழங்குடியினருக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, அந்தக் காட்டில் கூட்டு உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் அங்கே அழிந்துபோய்விடவில்லை. சோலிகரும் இருக்கிறார்கள், புலியும் இருக்கிறது. கண்முன்னே இருக்கிற இந்தச் சான்றை ஒதுக்கிவிட்டுப் பழைய பல்லவியையே பாடுவது பகுத்தறிவாகுமா?

இனி விலங்குகளுக்கு வருவோம். பயணம் கிளம்பும் அன்று வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுகிறோம். யானைமுகத்தானை முழுமுதற் கடவுள் என்கிற நாட்டில் யானைக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? 2021 ஜனவரியில் முதுமலையை ஒட்டிய மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த ஒரு காட்டு யானையின் மீது நெருப்பை வீசினார்கள். தீ காதில் பற்றிக்கொண்டது. வலி தாளாமல், காது எரிய எரிய, இருட்டுக்குள் அது ஓடுகிற காட்சியை நாடே பார்த்தது. காது கிழிந்து ரத்தம் வடிய அலைந்த அந்த யானையைச் சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போதே உயிர் பிரிந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் அதன் தும்பிக்கையைத் தொட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

ஏன் அந்த யானை விடுதிக்கு வந்தது? திருப்பிக் கேளுங்கள். விடுதி ஏன் அங்கே வந்தது? மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழித்தடம். அதைத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அரசின் அறிவிப்பு சரியே என்று தீர்ப்பளித்தன. பத்து ஆண்டுகள் யானை வழியை மறித்து நின்ற அந்த அறைகளில் தங்கியவர்கள் யார்? வேற்றுக்கிரகத்தார் வந்து தங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் யானை தெரியுமா என்று கேட்டு அதற்காகவே கூடுதல் வாடகை கொடுத்த நம்மைப் போன்றவர்கள்தான். நெருப்பை வீசிய கையைப் பிடித்து வழக்குப் போடலாம். அந்தக் கைக்கு அங்கே ஒரு தொழிலை உண்டாக்கிய காசு நம் பையிலிருந்து போனது. தேங்காய் உடைத்தால் அது தீருமா?

ஜீப்புக்குள் நடப்பதையும் பார்ப்போம். ஒரு டிரைவருக்குப் புலி கண்ணில் படுகிறது. சற்று நேரத்தில் முன்னும் பின்னும் வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. புலி பாதையைக் கடக்கப் பார்க்கிறது, கடக்க இடமில்லை. பின்சீட்டிலிருந்து குரல் வருகிறது: “இன்னும் கொஞ்சம் கிட்ட போங்கண்ணா, தனியா கவனிச்சுக்கறோம்.” கிட்டப் போனால் விதிமீறல்; மாட்டினால் அந்த டிரைவரைத்தான் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். போகாவிட்டால் டிப்ஸ் இல்லை, விடுதியில் புகார் வேறு. அந்தக் காசில்தான் அவர் வீட்டுப் பிள்ளை படிக்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்கும்படி ஒரு மனிதரை நிறுத்திவைத்துவிட்டு, நாம் படத்தோடு வீடு திரும்புகிறோம். புலிக்கு நெருக்கடி, டிரைவருக்கு நெருக்கடி, நமக்கு மட்டும் லைக். இது உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா?

‘சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் காடே மிஞ்சாது’ என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் காப்பகங்களுக்கு உதவுகிறது, உள்ளூர் டிரைவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் பயணிகளின் கண் இருந்தால் புலி பிழைத்துவிடும் என்பதை ராஜஸ்தானின் சரிஸ்கா பொய்யாக்கிவிட்டது. பயணிகள் போய்வந்துகொண்டிருந்த காப்பகம் அது. 2005 வாக்கில் அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் வேட்டைக்காரர்கள் முடித்திருந்தார்கள். காட்டைக் காப்பது இரவில் ரோந்து போகிற காவலர். முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள், தொகுப்பூதியத்தில் நாள் தள்ளுகிறவர்கள். 2021இல் மசினகுடிப் பக்கம் மனிதர்களைக் கொன்ற டி23 என்ற புலியை, மூன்று வாரம் தேடி உயிரோடு பிடித்ததில் அவர்களுடைய காட்டறிவுக்குப் பெரும்பங்கு உண்டு. நீங்கள் கொடுக்கும் ஓர் இரவு வாடகையில் அவர்களுக்குப் போய்ச்சேருவது என்ன?

காட்டோரத்து விவசாயியின் கணக்கு தனி. 2025இன் பிற்பகுதியில் மைசூரு மாவட்டத்தின் சரகூர்ப் பக்கம் புலி தாக்கி அடுத்தடுத்து விவசாயிகள் இறந்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், சஃபாரியை நிறுத்து என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியைத் தற்காலிகமாக நிறுத்தும்படி கர்நாடக அரசு உத்தரவிட்டது. புலி ஊருக்குள் வருவதற்கு ஜீப்புதான் காரணமா என்பதை விவாதிக்கலாம். உண்ணிச்செடி என்ற களை மண்டிப் புல் குறைந்துபோனதா, புலிகளுக்குக் காட்டில் இடம் போதவில்லையா, காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டதில் இருந்த நியாயம் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. புலியால் வரும் வருமானம் ஒருவருக்கு, புலியால் வரும் சாவு இன்னொருவருக்கு என்று பங்கு பிரித்தது யார்? மாடு மேய்க்கப் போனவர் திரும்பாத வீட்டில், ‘விதி’ என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? விதி என்ற சொல்லைக் கண்டுபிடித்ததே இந்த மாதிரிக் கணக்குகளை மூடத்தான்.

அப்படியானால் போகவே கூடாதா? போங்கள். காட்டைப் பார்க்காத மனிதர் காட்டுக்காகப் பேசமாட்டார். ஆனால் திட்டத்தைத் திருத்துங்கள். நான்கு நாளில் நான்கு காடு என்பதை விட்டு, ஒரே இடத்தில் நான்கு நாள் தங்குங்கள். வண்டி ஓட்டம் குறையும், பார்ப்பது கூடும். அறை பதிவு செய்யுமுன் விடுதியைக் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, இடம் யானை வழித்தடத்தில் இருக்கிறதா, உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இரவில் விளக்கடித்து விலங்கு காட்டுகிறேன் என்கிறீர்களா? பதில் சொல்லத் தயங்குகிற விடுதியில் தங்காதீர்கள். பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009இலிருந்து இருக்கிறது. அதற்குள் போய்விடலாம் என்று வண்டியை விரட்டாதீர்கள். அந்த விரட்டலில் அடிபடுவது மான். டிரைவரிடம் ஜீப்பில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “புலி தெரிஞ்சாலும் தெரியாட்டியும் உங்களுக்குக் கொடுக்கறதைக் கொடுத்துடுவோம். கிட்டப் போக வேண்டாம்.” இந்த ஒரு வாக்கியம் ஒரு தொழிலாளியை நெருக்கடியிலிருந்து விடுவிக்கும். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடிக் குச்சிகளால் ஆளுயர யானைகள் செய்கிறார்கள். காட்டை நெரிக்கிற செடியை வெட்டி அதையே பிழைப்பாக்கிக்கொண்ட அந்த உழைப்பைப் போய்ப் பாருங்கள், அவர்களிடம் பேசுங்கள், அவர்களுடைய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்தால் புண்ணியம் சேருமா? சேராது. சேர்த்துவைக்க அப்படியொரு கிடங்கு எங்கும் இல்லை. ஒரு விவசாயியின் உயிர், ஒரு ஜேனு குறுபரின் வீடு, ஒரு யானையின் வழி இவற்றைவிட என் விடுமுறை பெரியதில்லை என்று ஒப்புக்கொள்வதற்கு வானத்திலிருந்து ஆணை வரவேண்டியதில்லை. யோசிக்கிற மூளையும் அடுத்தவர் வலி புரிகிற மனமும் போதும். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. அரசு செய்யட்டும், நீதிமன்றம் சொல்லட்டும் என்று ஒதுங்காதீர்கள். காசு கொடுப்பது நீங்கள். அந்தக் காசு என்ன செய்கிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுடையவை. பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ரத்து செய்யுங்கள். ஏன் ரத்து செய்தீர்கள் என்று அவர்களுக்கே எழுதுங்கள்.