கதிரவனிடம் மழையைக் கேட்டவர்கள்

ஒரு செயல் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த இலக்கை எட்டாமற் போய்விட்டால், அதில் செலவான உழைப்பு வீண்தானா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் வாழ்வோருக்கு இவ்வினா புதியதன்று. விதைத்துவிட்டு ஐப்பசி மேகத்தை எதிர்நோக்கும் சம்சாரி, குண்டாறு வெறும் மணலாய்க் கிடக்கும் ஆண்டுகளில் இதனைத் தம் நெஞ்சிடமே கேட்டுக்கொள்கிறார். அம்மண்ணில் குறைவின்றிக் கிடைப்பது வெயில் ஒன்றே. அந்த வெயிலைத் தரும் கதிரவனிடமே மழையைப் பற்றிக் கேட்கத் துணிந்த ஒரு முயற்சி நம் நாட்டில் நடந்தது. அதன் வரலாறு நம் வினாவுக்கு ஒளி தரும்.

1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல இலட்சம் உயிர்கள் மடிந்தன. கதிரவனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகியும் குறைந்தும் வருவதை அறிஞர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். அப்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமாயின், பஞ்சத்தை முன்னதாகவே அறிந்துவிடலாம் அன்றோ? இந்த எண்ணமும் தூண்டுகோலாக அமைய, பழனி மலைத் தொடரில் 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மிச்சி ஸ்மித் என்பாரின் பொறுப்பில், 1899-இல் கோடைக்கானல் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. 1904-ஆம் ஆண்டு முதல் கதிரவனை நாள்தோறும் கண்ணாடித் தகடுகளில் படம் பிடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

மழையின் இரகசியம் கிடைத்ததா? இல்லை. புள்ளிகளை எண்ணி அடுத்த பருவத்தின் மழையைச் சொல்லும் வழி கைகூடவில்லை. ஆனால் 1909-இல் அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளின் விளிம்பில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் இந்தியாவுக்கு வருமுன் இங்கிலாந்தில் தம் சொந்தக் கருவிகளால் கதிரவனை ஆராய்ந்த ஓர் ஆர்வலரே. நூறாண்டுக்கும் மேலான அந்தப் படத்தொகுப்பு இன்று கணினியில் ஏற்றப்பட்டு, கதிரவனின் நீண்டகால மாற்றங்களை ஆராய்வோருக்குக் கருவூலமாய்த் திகழ்கிறது.

செருமனி நாட்டில் மருந்துக்கடை நடத்திய ஷ்வாபே என்பாரின் கதையும் இத்தகையதே. புதன் கோளுக்கும் உட்புறமாக வேறொரு கோள் சுற்றுகிறதா என்று தேடி, 1826 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் அவர் கதிரவனை நோக்கினார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் 17 ஆண்டுகளாய் அவர் குறித்து வைத்த கணக்கிலிருந்து, கரும்புள்ளிகள் சுழற்சி முறையில் பெருகிக் குறைவது முதன்முதலாக வெளிப்பட்டது.

“ஆகவே எந்த உழைப்பும் வீணாகாது” என்று சொல்லி நாம் அமைதி கொண்டுவிடலாமா? அது மலிவான ஆறுதலாகிவிடும். எவர்ஷெட்டின் கண்டுபிடிப்பு, பட்டினியால் மடிந்தவர் எவர் வாயிலும் ஒரு கவளம் இடவில்லை. மேலும், அப்பஞ்சத்திற்கு வானம் மட்டுமே பொறுப்பன்று. மக்கள் மாண்டுகொண்டிருந்த நாட்களிலும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறியது. 1877 சனவரி முதல் நாளன்று தில்லியில் தர்பார் ஆடம்பரமாய் நடந்தது. மனிதன் செய்த பிழைக்கு வானத்தில் மட்டும் காரணம் தேடுவது, அத்தேடல் எத்துணை நேர்மையானதாயினும், பூமியில் ஆற்ற வேண்டிய கடமைக்கு ஈடாகாது.

அப்படியானால் உழைப்பின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது? கிட்டிய பயனைக் கொண்டு மட்டும் அளந்தால், ஷ்வாபேக்குப் புள்ளிகளின் சுழற்சி தென்படாதிருந்தால் அவர் மூடர் என்றாகிவிடும். பயன் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது வாய்மை ஒன்றே. கண்டதைக் கண்டவாறும், காணாததைக் காணவில்லை என்றும் எழுதி வைப்பது ஓர் அமானிதம். புள்ளியே இல்லாத நாளின் வெற்றுப் படத்தையும் அதே அக்கறையுடன் காத்ததால்தான் அத்தொகுப்புக்கு மதிப்பு உண்டாயிற்று. மழையைக் காட்ட வேண்டும் என்பதற்காக அவர்கள் புள்ளிகளைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால், இன்று எவருக்கும் அது உதவாது.

இதன் உயர்ந்த எடுத்துக்காட்டு நம் மார்க்க வரலாற்றிலேயே உண்டு. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அக்குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் ஒளி இழந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தின் நடுவிலும் அண்ணலார் அதனை மறுத்தார்கள். கதிரவனும் நிலவும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். தொழுகையின்பால் மக்களை அழைத்தார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்த் தொடர்பையும் ஏற்காத அந்த வாய்மையைவிட மேலான பாடம், வானத்தை நோக்குவோருக்கு வேறு உண்டோ?

இன்று ஒரு சிறு தொலைநோக்கியும் தக்க வடிகட்டியும் கொண்டு, அருப்புக்கோட்டையின் ஒரு மொட்டைமாடியிலிருந்தே நம் பிள்ளைகள் கதிரவனைப் படம் பிடிக்க முடியும். ஒளியில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும் வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில் இறுகப் பொருத்த வேண்டும். கண்வைக்கும் முனையில் பொருத்தினால், குவிந்த வெப்பத்தில் அது வெடித்துப் பார்வையையே பறித்துவிடும். எக்ஸ்ரே படலமும் புகை படிந்த கண்ணாடியும் ஆகா. கரிசல் மண் சூடேறிக் கானல் எழுமுன், காலைப் பொழுதே படம் பிடிக்க ஏற்றது.

அப்படிப் பிடித்த படத்தில் மழை தெரியாது. பெரும்பாலான நாட்களில் புதுமை எதுவும் தெரியாது. எனினும், நாளையும் நேரத்தையும் குறித்து, உள்ளதை உள்ளவாறே பதிந்து வைக்கும் பிள்ளை, தன் விருப்பத்துக்கு ஏற்ப உண்மையை வளைக்காதிருக்கப் பழகுகிறது. சந்தையில் தராசு பிடிக்கும்போதும், வழக்கில் சாட்சி சொல்லும்போதும், பஞ்சம் வந்தால் யார் பிழை என்று கேட்கும்போதும் அப்பழக்கம் துணை நிற்கும். விதைத்தது முளைக்காத ஆண்டிலும் உழவை நேராக உழுத சம்சாரி வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கம், உழாமலே உழுததாகக் கணக்கு எழுதுபவனுக்கே உரியது.