கேட்டவன் மேல் பழி இல்லை

எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் கடனுக்குப் பயந்து ஒளிகிறவர்களைவிட, நாலு பேர் முன்னால் கடனைக் கேட்டுவிடுவார்களோ என்று ஒளிகிறவர்கள்தான் அதிகம். எங்கள் தெருவில் ஒருவர். கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்த நெல் மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எடுக்காமல் கிடந்தது. அப்போதிலிருந்து டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கடைத்தெருவையே விட்டு வாய்க்கால் கரையோடு சுற்றிப் போனார். நகைக்கடன் ஏல நோட்டீஸ் வந்தது அவர் மனைவிக்கே தபால்காரர் சொல்லித்தான் தெரியும்.

"ராத்திரில தூங்கறதே இல்ல சார். கூப்புட்டாலும் பேச மாட்டேங்கறாரு" என்றார் அந்த அம்மா. பணம் கேட்கவில்லை, வந்து பேசுங்கள் என்றுதான் கேட்டார். ஊரோ, "மானஸ்தன், யார்கிட்டயும் கை நீட்ட மாட்டான்" என்று அவரை மெச்சிக்கொண்டிருந்தது. அந்த மெச்சலின் மேல்தான் எனக்குக் கோபம்.

மானத்துக்காக உயிரை விடுவது அறமா? தமிழாசிரியனாக இருந்தவனை இந்தக் கேள்வி லேசில் விடாது. கேட்ட தண்ணீர் மதிப்பில்லாமல் வந்ததென்று அதைக் குடிக்காமல் சிறையில் உயிர்விட்ட கணைக்கால் இரும்பொறையை வகுப்பில் கொண்டாடுகிறோம். வள்ளுவரும் 'மானம்' அதிகாரத்தில் கவரிமாவைக் காட்டுகிறார்.

ஆனால் 104ஆம் அதிகாரம் உழவு, அடுத்தது நல்குரவு, அதற்கடுத்தது இரவு. உழுதவனும் ஒருநாள் கேட்டு நிற்க நேரும் என்று தெரிந்தே அடுக்கியது போல இருக்கிறது. (இந்த வைப்புமுறை அவருடையதா, உரைகாரருடையதா என்ற வழக்கு வேறு.) அந்த 'இரவு' தொடங்குவதே, தகுந்தவரிடம் கேள், அவர் ஒளித்தால் பழி அவருக்கு, உனக்கில்லை என்றுதான். அடுத்து வரும் 'இரவச்சம்' இரத்தலுக்கு அஞ்சச் சொல்கிறது என்பதும் உண்மை. நாம் அச்சத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

இரும்பொறையுடையது தெளிந்து எடுத்த முடிவென்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஆட்களுடையது அப்படியா? சென்னையில் 1986இல் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, எங்கள் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு காரியம் செய்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டியில் வைக்கச் செய்தார்கள். தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்ததை 2013இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஒரு பூட்டு தடுத்துவிடக்கூடியது மானமாக இருக்க முடியாது. அது அந்த ராத்திரியின் மூச்சுமுட்டல், அவ்வளவுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

எங்கள் தெருக்காரரும் நானும் வங்கிக்குப் போய் அவகாசம் கேட்டோம். ஏலத்தைத் தள்ளிவைத்தார்கள். கடன் அப்படியேதான் இருக்கிறது. அவர் டீக்கடைக்கு வருகிறார்.

உங்கள் தெருவிலும் தூங்காமல், பேசாமல் ஒருவர் இருந்தால் போய் உட்காருங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருந்து டப்பாவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். உதவி கேட்க 14416, 104 இரண்டும் இலவச எண்கள், தமிழிலேயே பேசலாம்.