மூன்று கோடையின் கடன்

மரம் நடுவது நல்லதா என்று பாளையம்பட்டியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை விரியும் இந்த வானம் பார்த்த பூமியில், சித்திரை வெயிலுக்கு ஒரு வேம்பு நின்றால் போதும். ஆடு, மாடு, மனிதர், நிறுத்திவைத்த டூவீலர் எல்லாம் அதன் அடியில் ஒண்டிக்கொள்ளும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கன்றைக் குழியில் இறக்கி, மண்ணை மிதித்து, ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போகிறவர் நல்ல காரியம் செய்தவரா? அல்லது நல்ல காரியத்தைத் தொடங்கி, மிச்சத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டுப் போனவரா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே நம்பக்கூடிய மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். மார்கழி பிறந்தபின் அடுத்த புரட்டாசி கழியும்வரை ஏறக்குறைய 40 வாரம். வாரத்துக்கு இரண்டு குடம் என்று சிக்கனமாக ஊற்றினாலும் ஒரு கன்றுக்கு ஆண்டுக்கு 80 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 1,200 லிட்டர். வேர் பிடித்துத் தானாக நிற்க மூன்று கோடையாவது வேண்டும். ஆக 240 குடம். விழா மேடையில் 100 கன்று என்று அறிவிக்கிறவர் 24,000 குடத் தண்ணீருக்கு வாக்குக் கொடுக்கிறார். குழாயில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கிற தெருவில் இது சின்ன வாக்கு அல்ல.

அந்தக் குடத்தைச் சுமப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். குழி வெட்டுவதும் போட்டோவுக்கு நிற்பதும் பெரும்பாலும் ஆண்கள். பங்குனியில் குடிக்க எடுத்துவைத்ததில் அரைக் குடத்தைக் கன்றுக்கு ஒதுக்கலாமா என்று யோசிக்க வேண்டியவர் வீட்டுப் பெண். அவரைக் கேட்காமல் அவருடைய உழைப்பைத் தானம் செய்வது எந்த வகை அறம்?

நாள் பார்ப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம், 1950-ல் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. வடக்கே அது தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரம், பொருத்தம்தான். இங்கே ஜூன் 5 என்பது வைகாசிக் கடைசி. மழை இல்லை, ஈரம் குடிக்கிற காற்று மட்டும் ஆடிவரை வீசும். கரிசலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பில் இளம் வேர் அறுந்துபோகும். அந்த நாளில் நடுகிறவர்கள் ஊரின் மழையைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார்கள். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். ஆண்டுதோறும் அதே குழியில் அதே நாளில் நட்டால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

பத்தில் ஒன்று பிழைத்தாலும் லாபம்தானே என்று வாதிடுவார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அந்த ஒரு மரம் உண்மையான மரம். ஆனால் செத்த ஒன்பதும் சும்மா சாவதில்லை. நாற்றங்காலில் அவற்றை வளர்த்த தண்ணீரும் கூலியும் அவற்றோடு போகின்றன. அதைவிட, அடுத்த முறை கூப்பிட்டால் ஊர் வராது. துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று நாடு முழுவதும் 1 கோடியே 10 லட்சம் கன்றுகள் நட்டார்கள். சில மாதங்களுக்குள், தாங்கள் பார்த்த இடங்களில் 90 விழுக்காடு வரை பட்டுப்போனதாக வனத் தொழிலாளர் சங்கம் சொன்னது, அரசு மறுத்தது. மழை குறைந்த நேரத்தில் பழக்கமில்லாதவர்கள் நட்டதுதான் காரணம் என்பது சங்கத்தின் வாதம். எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்ல ஆசைப்படுகிற எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

எந்த மரம் என்பதும் அறம் சார்ந்த கேள்விதான். இந்தப் பக்கம் அதற்குச் சாட்சி கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நிற்கிறது. வேலிக்கருவை என்று ஊரில் சொல்லும் சீமைக்கருவேலத்தைப் பரப்பியவர்கள் கெட்ட எண்ணத்தில் பரப்பவில்லை. வறண்ட நாட்டு ஏழைக்கு விறகு கிடைக்கட்டும் என்றுதான் விதைத்தார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே அது வளர்ந்தது, கண்மாய்க்குள்ளும் தரிசுக்குள்ளும் புகுந்தது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லும் நிலை வந்தது. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அதே முள்ளை வெட்டி, அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டுத்தான் பல குடும்பங்கள் கஞ்சி குடித்தன. அவர்களுக்கு மாற்று வழி சொல்லாமல் வேரோடு பிடுங்கு என்பதும் முன்யோசனை இல்லாமல் விதைத்ததும் ஒரே தப்பை இரண்டு தடவை செய்வதுதான்.

சரியாகச் செய்தவர்கள் இல்லையா? கர்நாடகத்தில் குதூர், ஹுலிகல் ஊர்களுக்கு இடையே சுமார் நான்கு கிலோமீட்டர் சாலையில் 385 ஆலமரங்களை வளர்த்த சாலுமரத திம்மக்கா இருந்தார். கூலி வேலை செய்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவரும் கணவர் சிக்கையாவும் முதல் ஆண்டு நட்டது 10 கன்று. அடுத்த ஆண்டு 15, அதற்கடுத்து 20. மழை தொடங்கும்போது நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆடுமாடு கடிக்காமல் முள் வைத்துக் காத்தார்கள். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. 385 என்ற எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் ஆண்டின் 10-ஐத்தான் சொல்ல வேண்டும். சுமக்க முடிந்த குடங்களின் அளவுக்கே அவர்கள் நட்டார்கள்.

பாளையம்பட்டிக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பின்வாசலில் குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போகிற வழியில் நிற்கும் முருங்கையையும் வேம்பையும் யாரும் விழா எடுத்து நடவில்லை. அவை சாகவும் இல்லை. கன்று அங்கே போகட்டும். தெருவோரம் என்றால் புங்கை, பூவரசு; காட்டோரம் என்றால் மஞ்சணத்தி. குழியில் கரிசலை மட்டும் தள்ளாமல் செம்மண்ணும் எருவும் கலக்க வேண்டும். வெள்ளாடு வளர்க்கிறவரைத் திட்டிப் பயனில்லை. ஆடு அவர் பிழைப்பு. வேலிக்கருவை முள்ளை வெட்டி, முனை வெளியே பார்க்கக் கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றி, நடுவில் ஒரு கயிறு கட்டினால் ஆடு வாய் வைக்காது. கம்பிக் கூண்டுக்குக் காசு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம்.

கண்மாய்க் கரைக்குப் பனை. 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகச் சொன்னது; பச்சைப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. ஊன்றியவர் அதில் பதநீர் குடிப்பது சந்தேகம். நிழலும் பெரிதாக இல்லை. ஆனால் மழைக்கு முன் விதையைப் புதைத்துவிட்டால் அது யாரிடமும் குடம் கேட்காது. வருகிற தலைமுறைக்கு ஏதாவது செய்ய வேண்டும், வீட்டுப் பெண்ணுக்குச் சுமை ஏற்றக் கூடாது என்று நினைப்பவருக்கு இதைவிடக் கண்ணியமான வழி இந்த மண்ணில் இல்லை.

வீட்டுக்கு இத்தனை என்று கட்டாயப்படுத்துவது வேண்டாம். தண்ணீர் தர முடியாத ஊராட்சிக்கு மரம் கேட்க உரிமை இல்லை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்க 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியிருக்கிறது. கன்றுக்குப் பஞ்சம் வராது. ஐப்பசி பிறக்கும்போது கன்று கொடுக்க வருவார்கள். வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை மட்டும் வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்று. ஊராட்சிப் பலகையில் நட்ட நாளின் எண்ணிக்கையை எழுத வேண்டாம். அடுத்த புரட்டாசியில் உயிரோடு நிற்பதை எண்ணி எழுதச் சொல்லுங்கள்.