தந்தை விட்டுச்சென்ற ஊர்தி

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குத் தந்தைவழிச் சொத்து என்பது பெரும்பாலும் காதால் கேட்டறிந்த சொல்லே. குடியிருந்த லயன் வீடு தோட்டத்துக்கு உரியது. பணி ஓய்வு பெற்றால் காலி செய்து கொடுத்தாக வேண்டும். மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சாண் நிலமும் அவர்கள் பெயரில் பட்டா ஆனதில்லை. ஆகவே, ‘அப்பன் சொத்தை விற்கலாமா?’ என்னும் கேள்வி, சமவெளியில் பங்காளிச் சண்டைகளால் தேய்ந்துபோன அந்தக் கேள்வி, அங்கே எழுவதே அரிது. எழும்போது எத்துணைக் கூர்மையோடு எழுகிறது என்பதை நண்பர் ஒருவர் வாயிலாக அண்மையில் அறிந்தேன்.

நண்பர் கோயம்புத்தூரில் பணியாற்றுகிறார். தந்தையார் மூணாற்றில் ஜீப் ஓட்டிப் பிழைத்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். 2015ஆம் ஆண்டை ஒட்டித் தாயார் ஓய்வு பெறவே, இருவரும் மலையிறங்கிப் போடிநாயக்கனூரில் வாடகை வீடொன்றில் குடியேறினர். அங்கே தந்தையார், ஓடி ஓடி உருக்குலைந்திருந்த தம் பழைய ஜீப்பைப் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்தார். இன்று அவர் இல்லை. வண்டிக்கு நல்ல விலை தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். தம் விடுதி வாசலில் அலங்காரமாக நிறுத்தி வைப்பாராம். “விற்றால் அப்பாவை விற்றதாகுமோ? விற்காவிட்டால் அம்மாவை வாடகை வீட்டிலேயே விட்டதாகுமோ?” என்று நண்பர் கேட்டார். “விற்றுவிடுங்கள், இரும்பு இரும்புதானே” என்று உடனே சொல்லிவிட்டேன். அவசரப்பட்டு விட்டேன் என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மலைநாட்டார்க்கு ஜீப் இரும்பு மட்டும் அன்று. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்த சில ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் அவ்வண்டியை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. நண்பர் வீட்டு வண்டி, சிஜே 3பி என்னும் உயர்ந்த பானெட் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை செய்யப்பட்ட அவ்வகை, இங்கே அதன் பிறகும் நெடுங்காலம் உருவாகி வந்தது. அந்த உயரத்துக்கு அழகு காரணமன்று. ‘ஹரிக்கேன்’ என்னும் பெட்ரோல் எஞ்சினில் எரிபொருட் கலவை புகும் வால்வுகளைத் தலைப்பகுதிக்கு மாற்றினார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதற்கு இடம்விட மூடியும் உயர்ந்தது. அந்த மூடிக்குப் பின்னே அமர்ந்துதான் தந்தையார் பிரசவ வலி கண்ட பெண்களையும், அரிசி மூட்டைகளையும், திருவிழாவுக்கு ஊர் செல்வோரையும், சில நாள்களில் பிணங்களையும் போடிமெட்டுச் சாலையில் ஏற்றி இறக்கினார். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் நடுவே டீசல் எஞ்சின் பொருத்தி ஓட்டியவர், முதுமையில் அதைக் கழற்றிவிட்டு, பழைய ஹரிக்கேன் ஒன்றைத் தேடி உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நாள்கணக்கில் அலைந்தார்.

வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மூணாறே ஒரு சான்று காட்டும். 1902இல் அங்கிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. சிறு சக்கரம் தண்டவாளத்திலும், பெரிய சக்கரம் சாலையிலும் உருள, மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகலச் சிறு இரயில் பாதையாயிற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. இன்று தேயிலை அருங்காட்சியகத்தில் அதன் சக்கரம் ஒன்றைக் காணலாம். அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அதே முறையில் இயங்கிய பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள வண்டியோ 1927இல் ஓட்டம் நின்ற பின்னும் கொட்டடியில் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டுத் தில்லி இரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யாரோ ஒருவர் உடைத்து எடைக்குப் போடாமல் விட்டதால் ஒரு காலம் நமக்குக் கிடைத்தது.

ஆனால், வைத்திருத்தல் என்பது யாது? இவ்வினாவில் சட்டமே தடுமாறுகிறது. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதிகள் வகுத்தது. முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சட்டகம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்பதிவைப் பெற்ற வண்டி கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செல்லலாம். எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாணிகத்துக்கும் ஓடலாகாது. பிழைப்பை நிறுத்தினால்தான் பெருமை என்கிறது விதி! அன்றியும், டீசல் எஞ்சினோடு ஓடிய ஆண்டுகளில்தான் அந்த ஜீப் மிகுதியான மனிதரைச் சுமந்தது. விதியின் கண்ணுக்கு அவை மூல வடிவம் கெட்ட காலம். தீசியஸின் கப்பலில் பலகை பலகையாக மாற்றிய பின் அது பழைய கப்பல்தானா என்று கிரேக்க அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். நம் மெக்கானிக்குகள் அவ்வாதத்தில் கலந்துகொண்டதில்லை. வண்டி ஓடினால் அதே வண்டிதான் என்பது அவர்கள் துணிபு. நானும் அவர்கள் பக்கமே. ஓட்டாமல், எண்ணெய் மாற்றாமல், தார்ப்பாய்க்குள் துருப்பிடிக்க விட்டுவிட்டு, ‘அப்பாவின் நினைவு’ என்று சொல்லிக்கொள்வது, கையொப்பமிடாமல் விற்பதற்கு ஒப்பாகும். நண்பருக்கு அவ்வண்டியைக் கிளப்பவே தெரியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அப்படியாயின் கொடுத்துவிடலாமே, முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் மரபன்றோ நம்முடையது என்பார் உளர். நன்று. ஆனால் பாரி ஈந்தது தன் தேரை. தந்தையின் தேரை மகன் கொடுப்பது கொடையாகுமா என்பது வேறு வினா. அதற்குப் புலவர்கள் விடை கூறியதாக எனக்கு நினைவில்லை. பறம்பு மலையும் போய், தந்தையும் போய், கபிலரின் துணையோடு நடந்த பாரி மகளிரிடம் அத்தேரைப் பற்றி எவரேனும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், நானும் நண்பரும் ஒருவரை அடியோடு மறந்திருந்தோம் என்பது விளங்கிற்று. மறுநாள் அவரிடம், “எஞ்சின் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அம்மாவின் பணிக்கொடை” என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தோம். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் கூலி உயர்வும் போனசும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது நாட்கூலி 232 ரூபாய். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை, ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி. முப்பது ஆண்டுப் பணிக்கு 1,04,400 ரூபாய். அட்டைக் கடிக்கும் பனிக்கும் நடுவே முதுகில் சுமந்த முப்பது ஆண்டுகளின் விலை அது. அதில் பெரும்பகுதி எஞ்சினாகவும் டிங்கரிங் வேலையாகவும் பச்சை வண்ணமாகவும் மாறி வாசலில் நிற்கிறது. தந்தையின் ஊர்தி என்று நாங்கள் இருவரும் உருகிக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் தாயின் ஊர்தி. விற்பதா, வைத்திருப்பதா என்று மகன் தூக்கமிழந்தது உரிமையில்லாத இடத்தில்.

அவ்வார இறுதியில் நண்பர் போடிக்குச் சென்று தாயாரிடமே கேட்டார். அவர் விலையையும் கேட்கவில்லை, வாங்க வந்தவர் யாரென்றும் கேட்கவில்லை.

“ஒரு தடவை அதுல என்னை மேல கூட்டிட்டுப் போப்பா. இத்தனை வருசத்துல முன் சீட்டுல நான் உட்கார்ந்ததே இல்ல. எப்பவும் சவாரிக்காரங்க இருப்பாங்க. போய்ட்டு வந்து சொல்றேன்” என்றாராம்.

நண்பர் இப்போது ஞாயிறுதோறும் போடியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் அந்த ஜீப்பை ஓட்டக் கற்று வருகிறார். பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லையாம். தை மாதத்தில் மழை விட்ட பிறகு போடிமெட்டு ஏறுவதாகத் திட்டம். அதுவரை பொறுத்திருக்குமாறு வாங்க வந்தவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.